இத்தாக் காலத்தில் வந்த தேர்தல்

கல்முனையிலிருந்து கிட்டங்கி வழியாக மேற்கே சென்றால் வயல் சூழ்ந்த சவளக்கடையை அடையலாம். அவ்வூர் அடங்கிய திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்தில், 2000ஆம் ஆண்டில், ஒரு முஸ்லிம் மாதின் அரசியல் வாழ்வு துயரத்தினூடே தொடங்கிற்று.

முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். பொதுத் தேர்தலோ ஒக்டோபர் 10இல். இடையே 24 நாட்களே இருந்தன. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருத்தல் மார்க்க விதி. அக்காலம் நிறைவுறுமுன்பே அவருடைய துணைவியார் பேரியல் அஷ்ரப் பாராளுமன்ற உறுப்பினராகி, அமைச்சரும் ஆனார்.

1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கணவரை இழந்த பின்னரே அரசியலுக்கு வந்தவர். ஆயின், கணவரின் கட்சி அவர் கைக்கு வந்தது. பேரியலுக்கு அது வாய்க்கவில்லை. காங்கிரஸின் தலைமை ரவூப் ஹக்கீமிடம் சென்றது. அஷ்ரப் தோற்றுவித்த மற்றோர் அமைப்பாகிய தேசிய ஐக்கிய முன்னணிக்கே இவர் தலைவியானார். அனுதாப வாக்கு ஒருமுறைதான் விழும் என்பர். இவரோ 2001இலும் 2004இலும் மீண்டும் வென்றார்.

இம்முறை கிடைத்தது வீடமைப்பு அமைச்சு. அவ்வாண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் வீடுகளை வாரிச் சென்றது. வாக்களித்த மக்களுக்கே வீடில்லை, துறையோ அவருடையது. அமைச்சர் பதவிக்கு அதைவிடக் கடிய சோதனை வேறு எது?

2010க்குப் பின் அவர் பாராளுமன்றத்தில் இல்லை; 2011இல் இலங்கையின் உயர் ஸ்தானிகராகச் சிங்கப்பூர் சென்றார்.