முள்ளந்தண்டு பகர்ந்த சாட்சி



தலையைச் சற்றே குனிந்து, பின்கழுத்தில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். ஒரு முனை தெளிவாகத் தட்டுப்படும். பெரும்பாலும் அது கழுத்தின் 7 என்புகளுள் கடைசியானது. அதன்கீழ் நெஞ்சில் 12, நாரியில் 5. அவற்றின் கீழே 5 என்புகள் ஒன்றாய் இணைந்து திருவென்பு ஆகின்றன, அடியில் குயிலலகு. (கிரேக்கரும் உரோமரும் 'புனித என்பு' என்றே அழைத்ததைத்தான் திருவென்பு என்கிறோம்.) ஒவ்வோர் என்பிலும் முன்னே பாரந்தாங்கும் தடித்த உடல், பின்னே ஒரு வளைவு. வளைவுகள் அடுக்கப்பட்டு உண்டாகும் கால்வாயினூடே முண்ணாண் இறங்குகின்றது. கழுத்தின் முதலாம் என்புக்கு மட்டும் உடல் இல்லை. அது வெறும் வளையம். இரண்டாவதின் பல் போன்ற முளையைச் சுற்றி அவ்வளையம் திரும்புவதனாலேதான் 'இல்லை' என்று நாம் தலையசைக்க முடிகின்றது.

இவற்றையெல்லாம் ஐரோப்பா நெடுங்காலம் கேலன் என்பாரின் நூல்களிலேயே படித்தது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த இவ்வைத்தியர், விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறிடத்தில் அறுத்து, மேலே அறுத்தால் மூச்சு நிற்பதையும், கீழே அறுத்தால் கால்கள் மட்டும் செயலிழப்பதையும் காட்டியவர். பேரறிஞர்தாம். ஆனால் அவர் அறுத்துப் பார்த்தவை குரங்கும் பன்றியும் ஆடுமே. மனித உடலை அறுக்கும் வழக்கம் அங்கு இருக்கவில்லை.

1540 ஆம் ஆண்டு. இத்தாலியின் பொலோஞா நகரில், வெசாலியஸ் என்ற இளம் பேராசிரியர் ஒரு குரங்கின் என்புக்கூட்டையும் ஒரு மனிதனின் என்புக்கூட்டையும் பொருத்திப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நோக்கினார். நாரி என்புகளில் உண்டெனக் கேலன் எழுதிய ஒரு சிறு முனை குரங்கினிடம் இருந்தது, மனிதனிடம் இல்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலாகப் போற்றப்பட்ட ஆசான் குரங்கைப் பார்த்தே மனிதனை எழுதினார் என்பது அங்கே வெளியாயிற்று. 1543 இல் பாசல் நகரில் அச்சான தமது பெருநூலில் வெசாலியஸ் இத்தகைய பிழைகளை அடுக்கிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 28.

பாரிசில் அவருக்குக் கற்பித்த சில்வியஸ் கொதித்தெழுந்தார். 1551 இல் மாணவரைப் 'பைத்தியக்காரன்' என ஏசி நூலொன்று வெளியிட்டார். கேலன் பிழைக்கவில்லை, மனித உடலே அக்காலத்தின் பின் மாறிவிட்டது என்பது அவர் வாதம்! நூலைத் திருத்துவதிலும் உடலைத் திருத்துவது அவருக்கு எளிதாய்த் தோன்றியது போலும்.

1543 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒருவனின் உடலைப் பாசலில் அறுத்துக் காட்டிய வெசாலியஸ், அதன் என்புகளைப் பொருத்தி நிறுத்தினார். அவ்வென்புக்கூடு இன்றும் அந்நகரின் உடற்கூற்று நூதனசாலையில் இருக்கின்றது.