கஞ்சியும் சரபோஜி மன்னரும்

எங்கள் பக்கத்தில் ஜுரம் வந்த பையனுக்கு இரண்டு லாபம். பள்ளிக்கூடம் கிடையாது, கஞ்சி உண்டு. அரிசியை வறுத்து, நொய்யாக உடைத்து, சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டு, உப்பிட்டுக் காய்ச்சுவாள் பாட்டி. செத்துப்போன நாக்குக்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். ஜுரம் விட்ட மறுநாள் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். அந்த ருசிக்காகவே இன்னும் இரண்டு நாள் படுத்துக் கிடக்கலாம் போலிருக்கும்.

"இதையெல்லாம் யார் பாட்டி கண்டுபிடித்தது?" என்று கேட்டால், "யார் கண்டுபிடிக்கணும்? காலங்காலமா நடக்கிறதுடா" என்பாள்.

காலங்காலமாக நடக்கிறது என்பதோடு திருப்தி அடையாத ஒருவர் தஞ்சாவூரிலேயே இருந்தார். இரண்டாம் சரபோஜி 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போயிற்று. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான் அவருக்கு மிச்சம். ஆள நாடில்லாத மன்னர் ஏட்டுச் சுவடிகளிலும் மருந்துகளிலும் மனத்தைச் செலுத்தினார். தன்வந்திரி மஹால் என்று ஒரு வைத்தியசாலை வைத்தார். சித்த வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர், யுனானி ஹக்கீம், ஐரோப்பிய முறை அறிந்தவர் எல்லோருக்கும் அங்கே இடமிருந்தது. நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்துக் குணம் கண்ட மருந்துகளைக் குறித்துவைத்து, புலவர்களைக் கொண்டு தமிழ்ச் செய்யுளாகவும் பாட வைத்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று பின்னால் சரஸ்வதி மஹால் அச்சிட்டவை அவைதாம். கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், நோய் கண்ட கண்ணின் சித்திரத்தோடு, அந்த நூலகத்தில் இருக்கின்றன.

மருந்துகளில் பல நம் வீடுகளில் தங்கிவிட்டன. கொடுத்துப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம்தான் தங்கவில்லை.

எங்கள் தெருவில் வாந்திபேதி கண்ட குழந்தை ஒன்று "ஜலம், ஜலம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கொடுக்கவில்லை. வயிற்றைக் காயப்போட வேண்டும் என்பது பெரியவர்கள் சொன்ன விதி. பெற்றவள் அழுதுகொண்டே மறுத்தாள். விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

1971-ல் வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மஹலநபிஸ் காலரா கண்டவர்களுக்கு உப்பும் குளுகோஸும் சமையல் சோடாவும் கரைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. உப்போடு சர்க்கரை சேர்ந்தால் பேதியிலும் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அரிசி மாவு குடலில் சர்க்கரையாக மாறிவிடுவதால் உப்புக் கஞ்சியும் அந்த வேலையைச் செய்யும் என்று பிறகு சோதித்துக் கண்டார்கள்.

அப்படியானால் அந்தக் குழந்தைக்கு வேண்டிய மருந்து எங்கள் தெருவில் ஒவ்வொரு அடுப்பிலும் இருந்தது. ஜுரத்துக்குக் கஞ்சி கொடுத்த அதே கைதான் பேதிக்குத் தண்ணீரை மறுத்தது. இரண்டும் பிரியத்தினால்தான். எந்தப் பிரியம் பிழைக்கவைத்தது, எது கொன்றது என்று எழுதிவைக்கத்தான் ஆளில்லை.