கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக்கும் ஒரு வரலாறு உண்டு



உயர்தரத்தில் ஐசிடி எடுத்த பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: "சேர், வீட்டில் நல்லா ஓடின பைத்தன் புரோகிராமில் பாடசாலையில் இரண்டு வரிதான் சேர்த்தான். அதோடு பிழை காட்டுது. எல்லா வரியும் நேராகத்தானே இருக்கு?"

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் நோட்பேடில் டெப் அடித்திருக்கிறான். பாடசாலையில் ஐடில் மென்பொருள் அதே டெப் கீக்கு ஸ்பேஸ்களைப் போட்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் வெற்றிடம், கணினிக்கு வேறு வேறு எழுத்து.

வெற்றிடத்தை எழுத்தாக எண்ணும் பழக்கம் நமக்குப் பழையதல்ல. தமிழ் ஓலைச்சுவடிகளிலும் சரி, கண்டி விகாரைகளின் புஸ்கொல ஏடுகளிலும் சரி, சொற்களைத் தொடர்ந்துதான் எழுதினார்கள். பிரிப்பது வாசிப்பவர் வேலை. அச்சு வந்த பிறகு அது மாறியது. நம் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய காலத்தில், அச்சுக்கோப்பவர் இடைவெளிக்கும் ஒரு ஈயத்துண்டை எடுத்து வைக்க வேண்டும். வெற்றிடத்துக்கும் எடை இருந்தது!

டெப் பிறந்தது டைப்ரைட்டரில். ஸ்பேஸ் அடித்தால் வண்டி ஒரு படி நகரும். டெப் அடித்தால் நாம் முன்கூட்டிக் குறித்து வைத்த இடத்துக்குத் தாவும். கணக்குப் பட்டியல் அடித்த பழைய கிளார்க்மாருக்கு அதன் அருமை தெரியும். (தமிழ்த் தட்டச்சை உருவாக்கிய சுண்டிக்குளி ஆர். முத்தையாவுக்கு வேறொரு தலைவலி: புள்ளி அடிக்கும்போது வண்டி நகரவே கூடாது.)

1963இல் வந்த ஆஸ்கி அட்டவணையில் டெப்புக்கு எண் 9, ஸ்பேஸுக்கு 32. டெப்பின் அகலத்தை மட்டும் யாரும் கட்டிப்போடவில்லை. ஒரு திரையில் எட்டு இடம், இன்னொன்றில் நான்கு. சண்டையின் வேர் இதுதான்.

1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி டெப்பில்தான் தொடங்க வேண்டும். அது சிக்கல் என்று சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அப்போதே பாவித்துக்கொண்டிருந்த ஒரு டசின் பேரைச் சங்கடப்படுத்த விரும்பாமல் விட்டுவிட்டார். ஐம்பது வருஷமாகியும் உலகம் அந்த டெப்பை அடிக்கிறது.

1991இல் வெளிவந்த பைத்தனில் வரியின் உள்தள்ளலே பொருள் தரும். அதன் 2001ஆம் ஆண்டு நடைவிதி நான்கு ஸ்பேஸ் என்றது. 2008இல் வந்த பைத்தன் 3, இரண்டையும் குழப்பிக் கலந்தால் ஓடவே மறுத்தது. அடுத்த வருஷம் கூகுள் வெளியிட்ட கோ மொழியோ டெப்பைத் தேர்ந்தெடுத்தது.

ஸ்பேஸ் போட்டால் எழுதியவர் வைத்த அகலம்தான் எல்லோருக்கும். டெப் போட்டால் வாசிப்பவர் தனக்கு வேண்டிய அகலத்தை வைத்துக்கொள்ளலாம். நாற்பது கட்டம் உள்ள பிரெயில் கருவியில் விரலால் படிக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மூன்று படி உள்ளே போனால் ஸ்பேஸே பன்னிரண்டு கட்டத்தைத் தின்றுவிடும். டெப் என்றால் மூன்று கட்டத்தோடு முடிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே டெப் பக்கம் நியாயம் அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

ஆனாலும் வகுப்பில் நான்கு ஸ்பேஸ்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பைத்தன் உலகத்தின் வழக்கம் அது. பிள்ளை நாளை யாரோடு சேர்ந்து எழுதினாலும் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டிலும் நோட்பேடை விட்டு ஐடிலையே பாவிக்கச் சொல்லுங்கள். கலந்துபோன கோப்பு என்றால் முழுவதையும் செலக்ட் பண்ணி, ஃபோமட் மெனுவில் 'அன்டெபிஃபை ரீஜியன்' கொடுத்தால் டெப் எல்லாம் ஸ்பேஸாகும். அதற்குப் பிறகும் பிழை வந்தால் கோப்பை பென்டிரைவில் போட்டு வகுப்புக்குக் கொண்டு வரட்டும்.