ஒரு கிட்டார் ஒலிபெருக்கியும் பினாங்கின் வரலாறும்

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே,

‘பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வட்டாரம், 1972.’ இந்த வரியை நம்மில் பலர் மனப்பாடம் செய்திருப்போம். ஆனா, அங்கே என்ன செய்தாங்க, யார் செய்தாங்க என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். அதை விளக்க ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்வோம்: ஜெலுத்தோங்கில் ஒரு மாணவர் தம் மரக் கிட்டாருக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சின்ன ஒலிபெருக்கி.

அதற்கு வேண்டியவை கொஞ்சம்தான்: ஒரு பீசோ வட்டு, ஒரு சில்லு, சில மின்தேக்கிகள், ஒரு ஸ்பீக்கர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. இந்தச் சில்லு இவ்வளவு மலிவாக எப்படி நம் கைக்கு வந்தது?

வால்வுக் காலம்

1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனை கொண்ட வால்வை உருவாக்கினார். பிறகு, சிறிய மின்குறிப்பைப் பெரிதாக்க அது பயன்பட்டது. வானொலி வளர்ந்ததும் அதனால்தான். பினாங்கிலும் வானொலி ஆர்வலர்கள் சங்கம் அமைத்தார்கள். 1934இல் அவர்களுடைய இசட்.எச்.ஜே. நிலையம் தமிழிலும் ஒலிபரப்பியது.

கிட்டார் ஒலிபெருக்கியும் வானொலிக்கு உறவுதான். லியோ ஃபெண்டர் 1938இல் கலிபோர்னியாவில் தொடங்கியது ஒரு வானொலி பழுதுபார்க்கும் கடை. ஆனால், வால்வு ஒலிபெருக்கிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும். மாணவர் கைவைக்கக்கூடிய பொருள் அல்ல.

திருப்பம்

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1958இல் ஜேக் கில்பியும் 1959இல் ராபர்ட் நாய்ஸும் பல உறுப்புகளை ஒரே துண்டில் அடக்கும் தொகுப்புச் சுற்றுக்கு வழி கண்டனர். அதே நாய்ஸ் 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அந்தச் சமயத்தில் பினாங்கின் நிலை என்ன? தீர்வையற்ற துறைமுகமாக வளர்ந்த ஜோர்ஜ்டவுன் 1969இல் அந்தச் சலுகையை இழந்தது. இளையோர் பலருக்கு வேலையில்லை. அதே ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் வழி அயல்நாட்டு நிறுவனங்களை அழைத்தார். 1972இல் இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே திறந்தது. நேஷனல் செமிகண்டக்டர், எச்.பி., போஷ், ஹிட்டாச்சி முதலியவையும் வந்தன. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்’ என்று இன்றும் சொல்வார்கள்.

இப்போ நம்ம ஒலிபெருக்கிக்கு வருவோம். வீட்டில் செய்வோர் பெரிதும் நாடும் எட்டுக் கால் சில்லு எல்.எம்.386. அதை வடிவமைத்தது நேஷனல் செமிகண்டக்டர். உங்க கையில் இருக்கும் சில்லு பினாங்கில்தான் செய்யப்பட்டது என்று எழுதிவிடாதீர்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். ஆனால், சில்லுகளின் விலை குறைந்ததில் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களின் உழைப்புக்குப் பங்குண்டு.

எப்படி வேலை செய்கிறது?

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் தன்மையைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். கிட்டாரின் பாலத்துக்கு அருகே ஒட்டிய பீசோ வட்டு, பலகையின் அதிர்வை அப்படித்தான் மின்குறிப்பாக்குகிறது. சில்லு அதை 20 மடங்கு பெருக்கும். 1, 8 ஆகிய கால்களுக்கிடையே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்தால் 200 மடங்கு.

வட்டை நேராகச் சில்லில் இணைத்தால் தகரச் சத்தம்தான் வரும். ஏன்? வட்டின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட்; சில்லின் உள்ளீட்டுத் தடை 50 கிலோ ஓம். இவை சேரும்போது 160 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி மெலிந்துவிடும். கிட்டாரின் தடித்த கம்பியோ 82 ஹெர்ட்ஸ்! நடுவே 1 மெகா ஓம் உள்ளீட்டுத் தடை கொண்ட ஒரு சிறு டிரான்சிஸ்டர் சுற்றை வைத்தால், அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். கம்பியின் கனம் திரும்ப வரும். பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். வீட்டு மின்சாரம் வேண்டாம்.

யார் செய்தது?

தலைவர்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் பாடத்தில் இருக்கும். ஜெலுத்தோங் கடலோரம் போகும் நெடுஞ்சாலைக்கே துன் டாக்டர் லிம் சோங் இயூ பெயர்தான். ஆனால், அன்று நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லோடு இணைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் இன்று பாட்டிகள். அவங்க பெயர் எந்தச் சாலையிலும் இல்லை. நினைவுகள் மறையுமுன் கேட்டு எழுதிவைப்பது நம் வேலை.

வகுப்பறைக்கு:

1. 1969இல் பினாங்கு எதிர்நோக்கிய பொருளாதாரச் சிக்கல் என்ன? அதற்குக் கண்ட தீர்வு என்ன?
2. வால்வு, டிரான்சிஸ்டர், தொகுப்புச் சுற்று ஆகிய மூன்றையும் கால வரிசையில் விளக்குக.
3. மின்னணுத் தொழிற்சாலையில் பணிபுரிந்த உறவினரையோ அண்டை வீட்டாரையோ நேர்காணல் செய்க. வேலை நேரம், சம்பளம், பேருந்துப் பயணம், கண்வலி என எதையும் விடாமல் கேளுங்கள். அவர்களின் அனுமதி பெற்ற பிறகே பதிவு செய்யுங்கள்.