பின்டயர் ஒல்லியான கதை

போன மாசம், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம். 19 வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலது கால் முன்னெலும்பு உடைஞ்சிருந்தது. ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால பேசிக்கிட்டே வந்தான். பேர் ஊர் எல்லாம் வேண்டாம். தக்கலைக்கு அந்தப் பக்கம்னு வச்சுக்குங்க.

கூட வந்த நண்பன் போன்ல பைக் படத்தைக் காட்டினான். பின் டயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் புரியலை. சைக்கிள் டயரோன்னு நினைச்சேன். என் மூணு விரலைச் சேர்த்து வச்சா அவ்வளவுதான் அகலம்.

"கம்பெனி டயர் எங்கடே?"ன்னு கேட்டேன்.

"கடையில கிடக்கு சார். டிராக் ரேஸ்ல எல்லாரும் இதான் போடுவாங்க. வண்டி பறக்கும்."

அவன் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுறவர். தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு விடியுறதுக்கு முன்னாடியே தோட்டத்துக்குப் போற மனுஷன். கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர் மெதுவாச் சொன்னார்: "நாங்க வெட்டுத பாலுக்கே வெல இல்ல சாரே. இவன் டயர்ல இருக்க ரப்பரையும் கொறைக்கியான்."

சிரிச்சுட்டேன். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு வரலை. ஏன்னா பையன் சொன்னது பொய் இல்லை. ஒல்லிப் பின்டயருக்கு ரேஸ்ல நிஜமாவே ஒரு வரலாறு இருக்கு. நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது அதுல பாதி. மீதியைச் சொல்லத்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். கட்டஞ்சாயா போட்டுக்கிட்டு வாங்க.

முதல்ல ஒரு சின்னப் பெருமை. காத்தடிச்ச டயரை உலகத்துக்குக் கொண்டு வந்தது எங்க ஜாதி ஆளு, அதாவது டாக்டர். மாட்டு டாக்டர். பெல்ஃபாஸ்ட்ல தொழில் பார்த்த ஜான் பாய்ட் டன்லப், மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காகச் செஞ்சு, 1888ல காப்புரிமை வாங்கினார். (அவருக்கு முன்னாடியே ராபர்ட் தாம்சன்னு ஒருத்தர் 1840கள்லயே இதைச் செஞ்சுட்டார்ங்கறது பின்னாடி தெரிஞ்சு, டன்லப் காப்புரிமை செல்லாமப் போனது தனிக்கதை.)

இப்போ டிராக் ரேஸ். நேர் ரோடு. ரெண்டு வண்டி. விளக்கு பச்சையானதும் கிளம்பணும். அமெரிக்காவில கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவு கிடையாது. 1951ல வாலி பார்க்ஸ் தொடங்கின என்எச்ஆர்ஏ சங்கம்தான் தெருவில ஓடின இந்த வெறியை ஓடுதளத்துக்குக் கொண்டு போனது. 1955ல கான்சாஸ் மாநிலம் கிரேட் பெண்ட்ல முதல் தேசியப் போட்டி நடந்தது.

அதுல 'ஸ்டாக்'னு ஒரு வகுப்பு. ஷோரூம்ல வாங்கின கார் கிட்டத்தட்ட அப்படியே ஓடணும். சாமானியன் கலந்துக்கணும், காசு இருக்கறவன் மட்டும் ஜெயிக்கக் கூடாது. அதுதான் எண்ணம்.

சிக்கல் எங்க வந்ததுன்னா, 1960கள்ல கார் கம்பெனிகளே போட்டியில குதிச்சுட்டாங்க. 7 லிட்டர் எஞ்சின் எல்லாம் வந்தது. எஞ்சின் வளர்ந்துச்சு, டயர் வளர விதி விடலை. ஸ்டாக் வகுப்புக்குப் பின்டயர் 7 அங்குலம்தான். யானைக்குச் செருப்பு மாட்டின கதை.

விளக்கு பச்சையானதும் மிதிச்சா சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். புகை வரும், கார் போகாது. அதனால அந்தக் காலத்து ஆளுங்க செஞ்ச வேலை எல்லாம் டயருக்கு வெளியே. ஃபோர்டு 1964ல செஞ்ச தண்டர்போல்ட் காரை எடுத்துக்குங்க. பேட்டரியை முன்னாடியிருந்து கழட்டி டிக்கியில வச்சாங்க. அதுவும் வலது பக்கம். ஏன் வலது? எஞ்சின் முறுக்கும்போது பின் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், வலது சக்கரம் தரையை விட்டு லேசாகும். அந்த இடத்துல கனத்தைப் போட்டுட்டா சக்கரம் தரையைக் கடிக்கும். அப்புறம் 'சீட்டர் ஸ்லிக்'னு ஒண்ணு வந்தது. மொழுமொழு ரேஸ் டயர்ல பேருக்கு நாலு கோடு கீறி, "பாருங்க, இது ரோட்டு டயர்தான்"னு காட்டுறது. பரீட்சையில பிட் அடிக்கிற அதே மூளை.

இதைக் கவனிங்க. அங்க ஒல்லி டயரை யாரும் ஆசைப்பட்டுப் போடலை. விதி கட்டிப் போட்டது. அகலமா வேணும்னு அழுதாங்க, கிடைக்கலை.

இன்னிக்கு என்எச்ஆர்ஏ ஸ்டாக் வகுப்பில 9 அங்குலம் வரை ஸ்லிக் போடலாம். 'ஃபாஸ்ட்'னு இன்னொரு கூட்டம் இருக்கு. 1960, 70களோட காருக்கு அந்தக் காலத்து அளவுல, அதே பழைய பயாஸ் கட்டுமான டயரை மட்டும்தான் போடணும்னு தாங்களே சத்தியம் பண்ணிக்கிட்டு ஓட்டுறாங்க. அந்த டயர்லயே கால் மைலை 11 வினாடிக்குள்ள கடக்கிறாங்க. எல்லாம் ஷாக் அப்சார்பர், காத்தழுத்தம், கால் அழுத்துற பக்குவம்.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

சென்னைக்கு வடக்கே சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கதான் வருஷா வருஷம் ரேஸ் நடத்தினது. 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனி ரேஸ் தளம் வந்ததும் சோழவரம் ஓய்ஞ்சது. இன்னிக்கு மோட்டார் சைக்கிள் தேசிய டிராக் போட்டி நடக்கிறது அந்த இருங்காட்டுக்கோட்டையில. பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா மாதிரி ஆளுங்க பல முறை பட்டம் வாங்கியிருக்காங்க.

நம்ம ஊர்ப் பையன்களுக்குப் பைத்தியம் பிடிச்சது ரெண்டு வண்டியால. 1983ல வந்த ராஜ்தூத் 350, 1985ல வந்த யமஹா ஆர்எக்ஸ் 100. ரெண்டாவதோட சத்தத்தை நீங்க கேட்டிருப்பீங்க. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டின எடை. கம்பெனி போட்டுக் கொடுத்த பின்டயரே 2.75-18. அதாவது 7 சென்டிமீட்டர் அகலம். அப்போ பல சின்ன வண்டிகளும் அப்படித்தான். அப்புறம் கதை தலைகீழாச்சு. 2008ல வந்த ஆர்15க்குப் பின்டயர் 100 மில்லிமீட்டர். 2011ல அதே வண்டிக்கு 130. அடுத்த தலைமுறைக்கு 140. டியூக் 390க்கு 150. ரோட்டுல ஓடுற வண்டி குண்டாகிட்டே போகுது, டிராக் பைக் ஓட்டுற பையன் மட்டும் ஒல்லியாக்கிட்டே போறான். ஏன்?

இந்த ஃபேஷன் தென்கிழக்காசியாவிலிருந்து வந்தது. தாய்லாந்து, இந்தோனேசியாவில 110, 125 சிசி வண்டிகளுக்குத் தனி டிராக் உலகமே இருக்கு. இந்தோனேசியாவில இந்த டயருக்குப் பேரே 'பான் சாசிங்', அதாவது புழு டயர். 50, 60 மில்லிமீட்டர் அகலம்.

அவங்க முட்டாள் இல்லை. கணக்கு இருக்கு. சக்கரத்தோட விளிம்பில இருக்கற எடையை முன்னால தள்ளவும் வேணும், சுத்தவும் வைக்கணும். அதனால விளிம்பில 2 கிலோ குறைச்சா, வண்டியில கிட்டத்தட்ட 4 கிலோ குறைச்சதுக்குச் சமம். தவிர, 11 குதிரைத்திறன் எஞ்சினால டயரை வழுக்க வைக்கிறதே கஷ்டம். பிடிமானம் மிச்சம் கிடக்கு, அதைக் கொடுத்து வேகத்தை வாங்கலாம். அமெரிக்காக்காரனுக்கு எஞ்சின் ஜாஸ்தி, டயர் போதலை. தாய்லாந்துக்காரனுக்கு டயர் ஜாஸ்தி, எஞ்சின் போதலை. ரெண்டு பேரும் ஒல்லி டயர்ல ஓடினாங்க, ஆனா நேர் எதிர் காரணத்துக்காக. ஒரே மாத்திரையை ரெண்டு நோயாளி ரெண்டு வியாதிக்குச் சாப்பிடற மாதிரி. மூணாவது ஆள் எதுக்குன்னே தெரியாம அதை வாங்கிப் போட்டுக்கிட்டா அவனுக்கு என்ன ஆகும்?

இங்க எனக்குப் பதில் வரும்: "டாக்டர், ஒல்லி டயர் மழைத்தண்ணியை நல்லா வெட்டிட்டுப் போகுமே?" உண்மைதான். தண்ணி மேல மிதந்து வழுக்கற விஷயத்துல ஒல்லி டயர் தேவலை. நான் மறுக்கலை. பிரச்சனை வேற இடத்துல.

பின் சக்கரத்து மேல 120 கிலோ பாரம்னு வைங்க. டயர்ல காத்து 28 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. அப்போ தரையைத் தொடற ரப்பர் சுமார் 60 சதுர சென்டிமீட்டர். உங்க உள்ளங்கையை விடக் கொஞ்சம் சின்னது. இந்தக் கணக்கில அகலம் வரவே இல்லை பாருங்க, காத்தழுத்தம்தான் வருது. ஆனா ஒல்லி டயருக்குள்ள காத்துக்கு இடம் குறைவு. 28 வச்சு அதே பாரத்தை ஏத்தினா ரிம் தரையில இடிக்கும். அதனால பையன் 40 வைப்பான். இப்போ கணக்குப் போடுங்க: சுமார் 43 சதுர சென்டிமீட்டர். நாலுல ஒரு பங்குக்கு மேல ரப்பர் போயிடுச்சு. மேலே ஒரு நண்பனையும் ஏத்திக்குவான்.

ரப்பருக்கு இன்னொரு குணம் உண்டு. பள்ளிக்கூடத்துல உராய்வு பரப்பைப் பொறுத்தது இல்லைன்னு படிச்சோம். ரப்பர் அந்தப் பாடத்துக்கு அடங்காது. ஒரே இடத்துல அழுத்தம் கூடக் கூட அதோட பிடிமான விகிதம் குறையும்.

உங்க டயர் பக்கவாட்டுல 2.75-18 42பி மாதிரி ஒண்ணு எழுதியிருக்கும். அந்த 42தான் எடை எண். 42ன்னா 150 கிலோ வரை. 28ன்னா 100 கிலோ, அவ்வளவுதான். பைக்கோட பின்பாதி, நீங்க, பின்னாடி உட்கார்றவர் எல்லாரும் அதுக்குள்ள அடங்கணும். இப்பவே எழுந்து போய்ப் பாருங்க, திரெட் எங்கயும் போகாது.

டிராக் தளத்துல இது எதுவும் தேவைப்படாது. அங்க வளைவு இல்லை, குழி இல்லை, பின்னாடி ஆள் இல்லை, எதிர்ல மீன் வண்டி இல்லை. தரைக்கே பிசின் மாதிரி ஒட்டுற கலவை தெளிப்பாங்க. ஓடி முடிச்சதும் நின்னு நிதானிக்க நீளமா இடம் விட்டிருப்பாங்க. நம்ம ஜில்லாவில ரெண்டு பருவமழையும் பெய்யும். மலையோரத்து ரோடு முழுக்க வளைவு. ரப்பர் இலை உதிர்ற காலத்துல நனைஞ்ச சருகு மேல பிரேக் பிடிச்சுப் பாருங்க, வேண்டாம், பிடிக்காதீங்க.

அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். வேகம் 50கூட இல்லைன்னு சொல்றான், நம்பறேன். வளைவுல ஆட்டோ நின்னது. பின்பிரேக்கை மிதிச்சான். பின் சக்கரம் பூட்டிக்கிட்டு பக்கவாட்டுல ஓடிருச்சு. கால் வண்டிக்கு அடியில.

சட்டமும் சொல்லிடறேன், சுருக்கமா. கம்பெனி சான்று பெற்ற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தறதை மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு தடுக்குது. பொது ரோட்டுல ரேஸ் ஓட்டினா 189வது பிரிவு: முதல் தடவை 3 மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை ரெண்டுமே. இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது டயர் அளவு பேச்சுக்கு வரும்ங்கறதையும் மனசுல வச்சுக்குங்க.

ரேஸ் ஆசையைத் தப்புன்னு நான் சொல்லலை. எனக்கும் ஒரு காலத்துல ஆர்எக்ஸ் 100 இருந்தது. அதை ஓட்டினவிதம் பத்தி என் அம்மாகிட்ட இன்னிக்கும் சொல்ல மாட்டேன்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரே எடுக்க வந்தான். எலும்பு கூடிட்டு வருது, புது எலும்பு வெள்ளையாத் தெரியுது. அப்பா கூடவே வந்திருந்தார், காலையில வெட்டை முடிச்சுட்டு, சட்டையில ஒட்டுப்பால் வாசனையோட. பையன் கேட்டான்: "சார், இருங்காட்டுக்கோட்டையில ஓட்டணும்னா லைசென்ஸ் எப்படி சார் எடுக்கறது?"

இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனம்தான் போட்டி லைசென்ஸ் தரும், எந்த வகுப்புக்கு எந்த டயர்ங்கறது அவங்க விதிப்புத்தகத்துலயே இருக்கும்னு சொன்னேன். அதுக்கு மருத்துவச் சான்று வேணும். "அதுல நான் கையெழுத்துப் போடணும்னா முதல்ல ஊன்றுகோல் இல்லாம நட"ன்னேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் எதுவும் சொல்லலை. வெளியே போகும்போது வாசல்ல நின்னு மகனைக் கேட்டது மட்டும் காதுல விழுந்தது: "லேய், அந்தப் பழைய டயரு கடையில இன்னும் கெடக்கா, வித்துட்டானா?"