எரிபொருள் தொட்டிக் கசிவும் மண் தூய்மையாக்கமும்: காரைக்கால்

நிலத்தடித் தொட்டிகளிலிருந்தும் அவற்றோடு இணைந்த குழாய்களிலிருந்தும் கசியும் பெட்ரோலும் டீசலும் மண்ணில் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் பரவியுள்ளன என்று அளந்தறிந்து, அவற்றை அகற்றுவதோ தீங்கில்லாத அளவுக்குக் குறைப்பதோ எரிபொருள் மண் தூய்மையாக்கம் எனப்படும். மண் என்று சொன்னாலும் இங்கே காக்கப்படுவது நிலத்தடி நீரே. இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் ஒரு விழுக்காடு வரை பென்சீன் இருக்கலாம். குடிநீரில் பென்சீனுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த உச்ச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அந்த வரம்பைத் தாண்ட வைக்கப் போதும். நொடிக்கு ஒரு துளி கசியும் தொட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 லிட்டரை மண்ணுக்குள் விடுகிறது. ஆவியாதலாலும் வெப்பநிலை மாற்றத்தாலும் இருப்புக் கணக்கில் வழக்கமாக வரும் ஏற்றத்தாழ்வுக்குள் இந்தக் கசிவு மறைந்துகொள்ளும். அதனால்தான் பல கசிவுகளை முதலில் கண்டுபிடித்தது கருவியன்று, கிணற்று நீரில் எழுந்த வாடை.

இதற்கெனத் தனிச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊருக்கு ஊர் புதைக்கப்பட்ட வெற்று எஃகுத் தொட்டிகள் துருவேறி ஓட்டை விழுந்தபோது, 1984இல் அந்நாட்டுப் பேரவை நிலத்தடித் தொட்டிகளை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. 1986இல் காலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்துத் தூய்மையாக்க நிதி ஒன்றை உருவாக்கியது. 1998 டிசம்பர் 22க்குள் பழைய தொட்டிகளை மேம்படுத்த வேண்டும், மாற்ற வேண்டும், அல்லது மூட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. இதுவரை அங்கே உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் 5 லட்சத்துக்கும் மேல். இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் அதன் விதிகளும் தீ விபத்தைத் தடுப்பதையே முதன்மையாகக் கருதின. மண்ணும் நீரும் வெகுகாலம் கணக்கில் வரவில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆனாலும் 2013இல் சென்னைத் தண்டையார்பேட்டையில் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் கசிந்தபோது, அதை அம்பலப்படுத்தியவை குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளே. காவிரிப் படுகையிலும் 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயல் மண்ணில் கச்சா எண்ணெய் பரவியது. 2023 மார்ச்சில் காரைக்காலை அடுத்த நாகூர் பட்டினச்சேரியில் குழாய் கசிந்தது.

காரைக்காலின் இடர் அதன் வரலாற்றிலேயே தொடங்குகிறது. 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்து, 1962 ஆகஸ்ட் 16 முதல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இப்பகுதி, புதுச்சேரியின் ஒரு பகுதியாகத் தனி வரி விகிதம் கொண்டது. எரிபொருள் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் சுற்றுப்புற மாவட்டங்களின் வண்டிகள் இங்கே வந்து நிரப்புகின்றன. ஆகவே ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரே உள்ள நிலத்தில், உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சிய பெட்ரோல் பங்க்குகளும் அவற்றின் தொட்டிகளும் அமைந்தன. அந்த நிலமோ அரசலாறும் திருமலைராயனாறும் கடல் சேரும் கடைமடை. களியும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்கும் வண்டல். நிலத்தடி நீர் சில மீட்டர் ஆழத்திலேயே நிற்கும். கடலோரத்தில் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமே மிதக்கும். கசிந்த பெட்ரோல் களிமண் தடுக்கும் இடத்தில் தேங்கி, புதைந்துபோன பழைய ஆற்றுத் தடத்து மணல் கிடைத்த திசையில் ஓடும். தரைமட்டத்துச் சரிவை மட்டும் பார்த்து அதன் போக்கை ஊகிக்க முடியாது.

இங்கே ஆய்வுமுறையைத் தீர்மானிக்க வேண்டியது பருவம். கோடையில் நீர்மட்டம் தாழும்போது மிதக்கும் எண்ணெயும் கீழே இறங்கும். மேட்டூர் அணை நீரும் வடகிழக்குப் பருவமழையும் வந்து மட்டம் உயரும்போது, எண்ணெயின் ஒரு பகுதி மண் துகள்களுக்கிடையே நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும்; கண்காணிப்புக் கிணற்றில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, மாசு தீர்ந்ததுபோலத் தோன்றும். அடுத்த கோடையில் அது மீண்டும் தலைகாட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு மாதிரி எடுத்துத் தரும் சான்றிதழ் ஆகவே நம்பத்தக்கதன்று. மே மாதத்திலும் தை மாதத்திலுமாக இருமுறை அளப்பதே குறைந்தபட்ச நியாயம். தூய்மையாக்கும் வழியும் அந்த அளவையையும் மண்ணின் வகையையும் பொறுத்ததே. மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுக்கும் முறை காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும். ஈரக் களியில் காற்றே நகராது. அங்கே மாசுபட்ட மண்ணைக் கோடையில் தோண்டியெடுத்து, தளம் போட்ட இடத்தில் காற்றும் உரச்சத்தும் ஊட்டி நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பதே பொருந்தும். மிதக்கும் எண்ணெயை முதலில் இறைத்து எடுக்காமல் மற்றவற்றைச் செய்வது வீண்செலவு.

இவ்வளவு அளவையும் தூய்மையாக்கமும் தேவையில்லை, இயற்கையே மாசைச் சரிசெய்துவிடும் என்பது வலுவான மறுப்பு. கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடம் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலான கசிவுகளில் பென்சீன் ஏறத்தாழ 80 மீட்டருக்குள் நின்றுவிடுவதாகவும் மண் நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடுவதாகவும் காட்டியது உண்மைதான். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், புதிய பங்க் குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது; இட நெருக்கடி இருந்தால் 30 மீட்டர் வரை அனுமதிக்கிறது. நம்பிக்கையூட்டும் அந்த ஆய்வின் கணக்குப்படியே பார்த்தாலும் மாசு வீட்டுக் கிணற்றை எட்டிவிடலாம். மேலும், 1996இல் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூட நேர்ந்தது, எளிதில் சிதையாத ஒரு பெட்ரோல் கலப்புப் பொருளால். நம் பெட்ரோலில் இன்று 20 விழுக்காடு எத்தனால். அது நீரில் கரைந்ததும் நுண்ணுயிர்கள் அதையே முதலில் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பென்சீன் சிதையாமல் மேலும் தொலைவுக்குப் போகிறது. பழைய ஆறுதல் புதிய எரிபொருளுக்குப் பொருந்தாது.

செலவைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. கசிவு நிரூபிக்கப்படாத பங்க் கண்காணிப்புக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற அவர்களது கேள்வி நேர்மையானது. அதற்கு அமெரிக்க நிதி விடையளிக்கிறது: லிட்டருக்குச் சில காசுகள் ஒதுக்கினால் எந்தத் தனி முதலாளியும் நொடிய வேண்டியதில்லை. குறைந்த வரியால் பெருகிய விற்பனையே தொட்டிகளைப் பெருக்கியது. அந்த விற்பனையே கண்காணிப்புச் செலவையும் ஏற்கலாம். 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகள், ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிடவும், 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு நடக்கவும் வகை செய்கின்றன. நல்ல தொடக்கம், ஆனால் ஐயம் எழுவதே வாடை வந்த பிறகுதான் என்றால் பட்டியல் பிந்திவிடும். காரைக்காலின் ஒவ்வொரு பங்க்கிலும் இரண்டு கண்காணிப்புக் கிணறுகளாவது அமைத்து, கசிவுக்கு முன்பே நீரின் நிலையைப் பதிவுசெய்து, அந்த எண்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம் இதைத் தொடங்கினால், கடைமடை நிலத்துக்கான முதல் முன்மாதிரி இச்சிறு மாவட்டத்திலேயே அமையும்.