சுழற்சியும் இறைப்பும்: நீரிறைக்கும் காற்றாலை நம் கிணற்றடியில் ஏன் நிலைக்கவில்லை?

பிச்சாட்டூரில் ஆரணியாற்று நீர்த்தேக்கத்தின் கரைமீது நின்றால் எதிரே தடையின்றிக் காற்று வீசுகிறது. ஆறு இங்கிருந்து கிழக்கே சென்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பழவேற்காட்டை ஒட்டிக் கடலை அடைகிறது. நீர்த்தேக்கப் பாசனம் எட்டாத நிலங்களைக் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே தாங்குகின்றன. காற்று உண்டு, கிணறும் உண்டு. ஆயினும் காற்றைக் கொண்டு நீர் இறைக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் வேர்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, இங்குக் காற்றின் வேகம் போதாது. மற்றொன்று, உழவர் புதுமையை எளிதில் ஏற்பதில்லை. முதல் விடை பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் பழி. இயற்கையின்மீதோ உழவர்மீதோ சுமத்தப்படும் இத்தோல்விக்கு வேறோர் இடத்தில் காரணம் தேட வேண்டும் என்பதே இப்பதிவின் கருத்து. அவ்விடம் சக்கரத்துக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள இணைப்பு.

1. ஏற்றத்துக்கு மாற்றம் தேவைப்படவில்லை

நம் பழைய இறைப்புக் கருவிகளை இயக்கத்தின் வகையால் பிரித்துப் பார்ப்போம். ஏற்றத்தில் ஆள் துலாவின்மீது முன்னும் பின்னும் நடக்கிறார். சால் கீழிறங்கி மேலேறுகிறது. கவலை, கமலை, கபிலை என வட்டாரந்தோறும் பெயர் மாறும் கருவியில் மாடுகள் சரிவில் இறங்கிப் பின்னோக்கி ஏறுகின்றன. தோற்பறி கிணற்றுக்குள் போய் வருகிறது. இரண்டிலும் உழைப்பின் இயக்கமும் நீரின் இயக்கமும் ஒரே வகையானவை: போய்த் திரும்புதல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை.

காற்று அப்படிப்பட்டதன்று. அது தருவது சுழற்சி மட்டுமே. சுழற்சியைக் கொண்டு மாவரைக்கலாம். சுழலும் கல்லுக்கு வேறெந்த மாற்றமும் வேண்டியதில்லை. பாரசீகத்தின் சீஸ்தான் பகுதியில் நிலைகுத்து அச்சுக் காற்றாலைகள் முதலில் புகழ்பெற்றது மாவரைப்பில் என்பது தற்செயல் அன்று. ஒல்லாந்தர் கடலோரத் தாழ்நிலங்களை வடித்தபோதும் சுழற்சியைச் சுழற்சியாகவே வைத்துக்கொண்டனர். துடுப்புச் சக்கரமும் ஆர்க்கிமிடீசின் திருகும் சுழன்றே நீரை ஏற்றின. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. நீரை ஏற்ற வேண்டிய உயரம் ஓரிரு மீட்டர்தான்.

ஆழம் கூடும்போது இம்முறை உடைகிறது. முப்பது மீட்டர் ஆழத்துக்குச் சுழலும் தண்டை இறக்கினால் அது முறுக்கத்தைத் தாங்கும் தடிமனோடு இருக்க வேண்டும்; வழிநெடுகத் தாங்கிகள் வேண்டும். மாறாக, மேலும் கீழும் இழுபடும் கம்பி மெலிதாக இருந்தாலும் போதும். இழுவிசையைத் தாங்கினால் வேலை முடிந்தது. ஆகவே ஆழ்கிணற்றில் காற்றைப் பூட்ட விரும்பியவர் சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றியே ஆக வேண்டியிருந்தது. சுழலும் உறுப்பைக் கொண்டு பிஸ்டனை இயக்கி நீரேற்றும் பொறியை அல்-ஜசரி 1206-இல் தம் நூலில் விளக்கியிருந்தார். காற்றாலையில் அக்கருத்துப் பரவலான வாழ்க்கையைப் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில். காற்றுக்கேற்பத் தானே இயங்கும் காற்றாலையை டேனியல் ஹாலடே 1854-இல் உருவாக்கினார். தாமஸ் பெர்ரி 1882–83-இல் ஆயிரக்கணக்கான சோதனைகள் நடத்தி வளைந்த எஃகுத் தகடுகளின் மேன்மையைக் காட்டினார். அவ்வடிவம் 1888 முதல் ஏர்மோட்டார் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் தலைப்பெட்டியில் உள்ள பற்சக்கரங்கள் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தன. ஏறத்தாழ மூன்று சுற்றுக்கு ஒருமுறை பம்புக் கம்பி ஏறி இறங்கியது.

2. இணைப்பில் ஒளிந்திருக்கும் கணக்கு

இயந்திரவியல் மாணவர்களுக்குத் தெரிந்த ஒன்றை இங்கே வரலாற்று மாணவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஒற்றைச் செயல் பிஸ்டன் பம்பில் கம்பி மேலேறும்போது மட்டுமே நீரின் பாரம் உண்டு, இறங்கும்போது இல்லை. வணரி ஒரு சுற்றுச் சுற்றும்போது தேவைப்படும் முறுக்குவிசை சீராக இருப்பதில்லை. அதன் உச்சம் சராசரியைப்போல் 'பை' மடங்கு, அதாவது 3.14 மடங்கு.

ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு இது பெரிய இடர் அன்று. தன் எடையின் உந்தத்தால் உச்சத்தைக் கடந்துவிடும். நின்றுவிட்ட சக்கரத்துக்கு அவ்வுதவி இல்லை. காற்று தரும் முறுக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே ஓட்டத்தைத் தக்கவைக்கப் போதுமான காற்றைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு வேகமுள்ள காற்று வந்தால்தான் நின்ற சக்கரம் மீண்டும் புறப்படும். மென்காற்று நாட்டில் இதன் பொருள் என்ன? காற்று வீசிக்கொண்டிருக்கும், சக்கரம் அசையாது நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவர் "காற்றுப் போதவில்லை" என்பார். உண்மையில் போதாதது தொடக்கத்துக்கான காற்று; ஓட்டத்துக்கான காற்று அங்கேயே இருக்கிறது.

இதற்கு மாற்றுவழிகள் உண்டு. கம்பியின் எடையையும் நீர்ப் பாரத்தின் பாதியையும் சமன்செய்யும் எதிர்எடையை அமைத்தால் உச்ச முறுக்குவிசை பாதியாகும், 1.8 மடங்கு என்பது 1.25 ஆகக் குறையும். பிஸ்டனில் சிறு துளையிட்டால் மெல்ல நகரும்போது நீர் கசிந்து பாரம் குறையும். வேகம் கூடியதும் கசிவு பொருட்டாக இராது. இவை அரிய அறிவியல் அல்ல. ஆனால் கிணற்றுக்குக் கிணறு அளந்து அமைக்க வேண்டியவை. பத்து மீட்டர் கிணற்றுக்குப் பொருந்திய எதிர்எடை பதினெட்டு மீட்டர் கிணற்றுக்குப் பொருந்தாது. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் அதே கிணற்றுக்கும் பொருந்தாது.

3. சென்னை மாகாணம் முதல் ஆரோவில் வரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இறைப்புப் பாசனத்தை முறையாக ஆராய்ந்தவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். ஏற்றத்தின் திறனையும் கவலையின் திறனையும் அளந்தார். 1912-இல் இறைப்புப் பாசனம் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் முன்னெடுத்து மாகாணத்தில் பரவியது எண்ணெய் எஞ்சினும் மையவிலக்குப் பம்பும். காரணத்தை இயக்கத்தின் வகையாலும் விளக்கலாம். எஞ்சின் சுழல்கிறது, மையவிலக்குப் பம்பும் சுழல்கிறது. நடுவே ஒரு தோற்பட்டை போதும். அப்பம்பு உறிஞ்சும் உயரம் நடைமுறையில் ஏழு மீட்டர் அளவே என்பதால் நீர் ஆழத்திலிருந்த கிணறுகளில் எஞ்சினும் பின்னர் மோட்டாரும் கிணற்றுச் சுவரின் நடுவே மேடை கட்டி இறக்கப்பட்டன. நம் ஊர்ப் பழங்கிணறுகளில் இன்றும் தெரியும் அம்மேடைகள் வரலாற்றுச் சான்றுகள்.

இங்கே ஒரு முரண் உண்டு. மையவிலக்குப் பம்பு கேட்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. காற்று தரும் ஆற்றலும் காற்று வேகத்தின் மும்மடியாக உயர்கிறது. சுமையின் இயல்பால் இரண்டும் பொருத்தமான இணை. பிஸ்டன் பம்புதான் பொருந்தா இணை. ஆனால் ஐந்து மீட்டர்ச் சக்கரம் மென்காற்றில் நிமிடத்துக்கு 15 முதல் 30 சுற்றே சுற்றும்; மையவிலக்குப் பம்புக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். இவ்விடைவெளியைப் பற்சக்கரங்களால் நிரப்பினால் செலவும் உராய்வும் மிகும். எனவே பொருந்தா இணையோடே காற்றாலை வாழ வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் 1952-இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் காற்றாற்றலுக்கென ஒரு துணைக்குழுவை அமைத்தது. 1960-களில் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகம் டபிள்யூ.பி.-2 என்னும் பல தகட்டு நீரிறைப்புக் காற்றாலையை வடிவமைத்தது. 1973-இல் அமெரிக்காவின் நியூ ஆல்கெமி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன் மதுரை வட்டாரத்தில் வேறுவழியில் முயன்றார். மாட்டுவண்டிச் சக்கரத்தை நடுக்குடமாக வைத்து, மூங்கிற் கழிகளைக் கட்டி, துணிப்பாய் விரித்தார். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் பழுதுபார்க்கக்கூடிய காற்றாலை என்பதே அதன் அடிப்படை எண்ணம். 1979-இல் இந்திய அறிவியல் கழகத்தின் கோவிந்தராஜூவும் ரொத்தம் நரசிம்மாவும் பாய்த்துணியால் அமைந்த சவோனியஸ் சுழலியை வடித்தனர். உத்தரப்பிரதேசத்தின் காசிப்பூரில் ஒல்லாந்தர் ஒத்துழைப்புடன் உருவான 12-பியு-500, பன்னிரண்டு தகடுகளும் ஐந்து மீட்டர் விட்டமும் கொண்டது. 1980-களில் அரசின் செயல்விளக்கத் திட்டத்தில் இவ்வகை நாட்டின் பல பகுதிகளில் நிறுவப்பட்டது. ஆரோவிலில் ஏவி-55 என்னும் பல தகட்டுக் காற்றாலை உருவாயிற்று.

இவற்றுள் ஆரோவிலின் காற்றாலைகள் பிறவற்றினும் நீண்ட காலம் ஓடின. ஆரோவிலில் பட்டறையும் கிணறும் ஒரே நிலப்பரப்பில் இருந்தன. செய்தவரே பழுதுபார்த்தார், பழுதிலிருந்து அடுத்த வடிவம் பிறந்தது. செயல்விளக்கத் திட்டக் காற்றாலை வயலுக்கு வந்த பிறகு அதன் தோல் வாஷர் தேய்ந்தால், கம்பி இணைப்புத் தளர்ந்தால், கோபுரத்தின்மீது ஏறி வணரிக்கு எண்ணெய் இட வேண்டியிருந்தால், அதற்கு உரியவர் யார் என்பது உறுதியாக இல்லை.

4. அடிபம்பு தரும் சான்று

தோல் வாஷரும் பம்புக் கம்பியும் நம் ஊர்களுக்கு ஒவ்வாத தொழில்நுட்பம் என்று வாதிட முடியாது. அதற்கு எதிர்ச்சான்று ஒவ்வொரு தெருவிலும் நின்றது. 1970-களின் பிற்பகுதியில் உருவான இந்தியா மார்க்-2 அடிபம்பு, காற்றாலையின் கீழ்ப்பாதியேதான்: அதே உருளை, அதே பிஸ்டன், அதே கம்பி. மேலே சக்கரத்துக்குப் பதில் மனிதக் கை. அது இலட்சக்கணக்கில் பரவியது. உடைந்தபோது சரிசெய்யத் தமிழ்நாட்டில் மூன்றடுக்கு அமைப்பு இருந்தது: ஊரில் ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் ஊர்தியோடு ஒரு குழு. ஆக, ஒரே பம்பு, ஒரே மண், ஒரே மக்கள். ஒன்று நிலைத்தது, மற்றது துருப்பிடித்தது. வேறுபாட்டைக் காற்றின் வேகத்தால் மட்டும் விளக்க இயலாது.

5. உழவரின் கணக்கு

உழவர்மீதான பழிக்கு வருவோம். ஐந்து மீட்டர்ச் சக்கரத்தின் பரப்பு 19.6 சதுர மீட்டர். நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்று அப்பரப்பில் சுமந்து வரும் ஆற்றல் சுமார் 750 வாட். அதில் பத்தில் ஒரு பங்கு நீராக மேலேறுவதாகக் கொண்டால், பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 2,700 லிட்டர் கிடைக்கும். காற்று பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நாளுக்கு 10 மில்லிமீட்டர் நீர் என்றால் 40,000 லிட்டர் வேண்டும். சளைக்காமல் இரவும் பகலும் காற்று வீசினால் காற்றாலை இதைத் தரும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் அதே ஆழத்தில் ஒரு மணி நேரத்திற்குள் தந்துவிடும்.

மோட்டாரின் மின்சாரத்துக்கு விலையும் இல்லாமற் போனது. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு உழவர்க்கும் 1990-இல் உழவர் அனைவர்க்கும், ஆந்திரத்தில் 2004-இல், வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. பிச்சாட்டூர் உழவரும் எல்லைக்கு அப்பால் ஊத்துக்கோட்டை உழவரும் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே முடிவுக்கு வந்தனர். அம்முடிவு தெளிந்த கணக்கின் விளைவு. புதுமை மீதான வெறுப்புக்கு அதில் இடமில்லை. காற்றாலைக்கு உரிய இடம் நெல் வயலாக இருந்ததே இல்லை. குடிநீர்த் தொட்டி, காய்கறித் தோட்டம், கால்நடைத் தொட்டி, மரக்கன்று ஆகியவற்றுக்கு அது போதும். அளவறிந்து வைக்கப்படாததைத் தோற்றது என்று சொல்வது பொருந்துமா?

நீர்மட்டம் இறங்கியபோது கதை இன்னொரு திருப்பம் கண்டது. நீர்மூழ்கி மோட்டார், சுழற்சியையே ஆழ்துளையின் அடிக்கு அனுப்பிவிட்டது. தண்டும் இல்லை, கம்பியும் இல்லை. செப்புக் கம்பிவடம் மட்டுமே. 1986-இல் தூத்துக்குடியில் தொடங்கிய காற்றாலைப் பண்ணைகளும் காற்றை மின்சாரமாக்கிக் கம்பியில் ஏற்றின. இன்று திருமலையின் காகுலகொண்டாவில் சுழலும் காற்றாலைகளைப் பார்க்கும் அடியவர் பலர். காற்று கிணற்றடிக்கு வந்து சேர்ந்துவிட்டது, மின்கட்டமைப்பு என்னும் நெடுஞ்சுற்றின் வழியாக. அச்சுற்றில் பழுதுபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருந்தது. கிணற்றடிக் காற்றாலையில் அத்தெளிவு இல்லை.

6. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வரலாற்றை இப்போது எழுத வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 2019 முதல் நடுவண் அரசின் குசும் திட்டத்தின்கீழ் சூரியப் பம்புகள் வயல்களில் நிறுவப்படுகின்றன. தகட்டின் திறனைப் பற்றியும் மானியத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறோம். கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் எத்தனை நாளில் யார் வருவார் என்பதைக் குறைவாகவே பேசுகிறோம். அக்கேள்வியைத் தவிர்த்தால் நாற்பது ஆண்டு கழித்து இன்னோர் ஆய்வாளர் "வெயில் போதவில்லை" என்னும் விளக்கத்தை மறுத்து எழுத வேண்டியிருக்கும்.

தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் ஊரில் சக்கரம் இழந்த காற்றாலைக் கோபுரம் இருந்தால் கிணற்றின் ஆழத்தை அளவிடுங்கள்; தலைப்பெட்டியில் எதிர்எடை இருந்ததா என்று பாருங்கள். அடிபம்பு பழுதுபார்த்த முதியவர்களிடம் பேசுங்கள். வாஷர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள், எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். எவ்வறிக்கையிலும் ஏறாத அந்த விடைகளில்தான் இவ்வரலாற்றின் மறுபாதி இருக்கிறது. பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு, ஊத்துக்கோட்டைப் பகுதிகளில் அத்தகைய நினைவுகளை அறிந்தவர்கள் எழுதினால் இப்பதிவின் குறைகளைத் திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.